ஊருக்கு மறைங்க, பெத்த பிள்ளைக்கு மறைக்காதீங்க

எங்கள் குடும்பத்தில் யாரும் புற்றுநோயில் செத்ததில்லை. கட்டி வந்து போயிருக்கிறார்கள். வயிறு வீங்கிப் போயிருக்கிறார்கள். "உடம்புக்கு முடியாம இருந்து" போயிருக்கிறார்கள். ஒருத்தர் "அந்த நோய்" வந்து போனார். எந்த நோய் என்று கேட்ட பிள்ளைகளை "போய்ப் படிக்கிற வேலையைப் பாரு" என்று விரட்டினார்கள். உங்கள் வீட்டிலும் இதே கதைதான் என்று பந்தயம் கட்டத் தயார்.

இந்தப் பதிவு அந்த மௌனத்தைப் பற்றியது. கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் மக்களே. ஹிஞ்சவாடியில் பொட்டி தட்டிக்கொண்டு வாகட்டில் குடியிருக்கும் ஒரு சாதாரணத் திருநெல்வேலிக்காரி நான். டாக்டர் இல்லை. ஆனால் கடந்த இரண்டு வருஷத்தில் நான் கற்றுக்கொண்டதை என் அம்மா வயதுக்காரர்களும் என் வயதுக்காரர்களும் படித்தே ஆக வேண்டும்.

என் பாட்டியின் நட்சத்திரம், லக்னம், எந்த தசை எத்தனை வருஷம் பாக்கி இருக்கும்போது பிறந்தாள் என்பதெல்லாம் நாலு மூலையும் மஞ்சள் தடவிய காகிதத்தில் ஊரில் டிரங்குப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. அவள் எந்த வயதில் எந்த நோயில் செத்தாள் என்பது எங்கேயும் இல்லை. பெண்ணுக்கு ஏழாம் இடத்தில் செவ்வாய் இருந்தால் மூன்று ஜோசியர்களைப் பார்க்கிறோம். அந்தப் பெண்ணின் இரண்டு அத்தைகளும் ஐம்பது வயதையொட்டி ஏன் போய்ச் சேர்ந்தார்கள் என்று ஒரு டாக்டரிடம் சொல்ல நமக்கு வாய் வருவதில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

மார்பகப் புற்றுநோயில் பெரும்பாலானவை பரம்பரையாக வருபவை அல்ல. நூற்றில் ஐந்து முதல் பத்து வரைதான் பெற்றோரிடமிருந்து வந்த ஒற்றை மரபணுப் பழுதால் வருபவை. "அவ்வளவுதானே" என்று கடந்து போகாதீர்கள். 2022-ல் இந்தியாவில் புதிதாக மார்பகப் புற்றுநோய் வந்த பெண்கள் சுமார் 1,92,000 பேர், இறந்தவர்கள் சுமார் 98,000 பேர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை தரும் மதிப்பீடு. இதில் ஐந்து முதல் பத்து சதவீதம் எத்தனை குடும்பம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த மரபணுக்களில் முக்கியமானவை இரண்டு: பி.ஆர்.சி.ஏ-1, பி.ஆர்.சி.ஏ-2. முதலாவது 17-ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்று மேரி-கிளேர் கிங் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி 1990-ல் காட்டினார். எப்படிக் கண்டுபிடித்தார் தெரியுமா? குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து, யாருக்கு எந்த வயதில் வந்தது என்று கேட்டு, அதை ரத்தப் பரிசோதனையோடு ஒப்பிட்டுத்தான். அந்தக் குடும்பங்களும் நம்மைப் போல் "கட்டி" என்று மழுப்பியிருந்தால் இந்தக் கண்டுபிடிப்பே தள்ளிப் போயிருக்கும்.

இந்த மரபணுக்கள் எல்லோருக்கும் உண்டு. உடைந்துபோன டி.என்.ஏ.வை ஒட்டுப்போடுவது இவற்றின் வேலை. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி. நைட் ஷிப்டுக்கு இரண்டு பேர் இருக்கிற இடத்தில், ஒருத்தர் பிறக்கும்போதே லீவு போட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சமிருப்பவர் சமாளிப்பார். ஏதோ ஒரு செல்லில் அவரும் படுத்துவிட்டால் அங்கே பழுதுகள் சேர ஆரம்பிக்கும். அதுதான் ஆபத்து.

எவ்வளவு ஆபத்து? நம் நாட்டில் பொதுவாக சுமார் 28 பெண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வரும் என்பார்கள். ஆனால் பி.ஆர்.சி.ஏ-1-ல் பழுதுள்ள பெண்ணுக்கு 80 வயதுக்குள் வரும் வாய்ப்பு சுமார் 72 சதவீதம், பி.ஆர்.சி.ஏ-2 என்றால் 69 சதவீதம். இது பல நாட்டுக் குடும்பங்களை ஆண்டுக்கணக்கில் கவனித்து 2017-ல் வெளிவந்த பெரிய ஆய்வின் கணக்கு. சினைப்பைப் புற்றுநோய்க்கு முறையே 44, 17 சதவீதம். அந்த "வயிறு வீங்கிப் போன" சித்திகளும் அத்தைகளும் இங்கேதான் வருகிறார்கள்.

இப்போது கொஞ்சம் சொந்தக் கதை.

நாற்பது வயதானதும் இங்கே ஒரு மருத்துவமனையில் மேமோகிராம் எடுக்கப் போனேன். படிவம் நிரப்பிய நர்ஸ் மராத்தியில் கேட்டார்: "ஆயி? மாவ்ஷி? ஆத்யா? யாருக்காவது கேன்சர்?" அம்மாவுக்கு போன் போட்டேன். "நம்ம பக்கம் யாருக்கும் கிடையாதும்மா" என்றாள். இல்லை என்று எழுதிக்கொண்டார்கள்.

எட்டு மாதம் கழித்து பெரிய அத்தை மகள், எனக்கு மதினி, 43 வயதில் மூன்றாம் கட்டத்தில் படுத்தாள். அப்போதுதான் சித்தப்பா வாயைத் திறந்தார். மதினியின் அம்மாவுக்கு 44 வயதில் மதுரையில் ஒரு பக்க மார்பை எடுத்திருக்கிறார்கள். சின்ன அத்தைக்கு 51-ல் வந்தது சினைப்பையில். தாத்தாவின் தங்கைக்கும் "ஏதோ கட்டி"யாம். தன் அம்மா சர்க்கரை முற்றிச் செத்ததாகத்தான் மதினி அதுவரை நினைத்துக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. சொல்ல வேண்டாம் என்று பெரியவர்கள் கூடிப் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். நல்ல எண்ணத்தில்தான். அந்த நல்ல எண்ணம் முப்பது வருஷத்துக்கு நீண்டுவிட்டது.

என் அம்மாவுக்கு எல்லாமே தெரியும். "ஏன் சொல்லலை?" என்று கேட்டபோது இரண்டு பதில் வந்தது. முதல் பதில்: "அது உங்க அப்பா பக்கம்லா, உனக்கு எப்படி வரும்?" இரண்டாவது: "யார் காதுலயாவது விழுந்திருந்தா உன் கல்யாணம் நடந்திருக்குமாட்டி?"

இந்த இரண்டு பதிலும் என் அம்மாவுடையது மட்டும் இல்லை. நம் எல்லார் வீட்டிலும் இதுதான் பதில். அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் பதில் அறிவியல்படி தப்பு. மார்பகம் பெண்ணுக்கானது என்பதால் நோயும் அம்மா வழியில்தான் வரும் என்று படித்தவர்கள்கூட நினைக்கிறார்கள். பழுதான மரபணு அப்பா வழியாகவும் அதே கணக்கில்தான் வரும்: ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஆணோ பெண்ணோ. ஆண் பெரும்பாலும் நோயில்லாமல் சுமந்துகொண்டு போய் மகளிடம் கொடுத்துவிடுவான். பையன்களுக்கும் முழுத் தப்பிப்பு இல்லை. பி.ஆர்.சி.ஏ-2 பழுதுள்ள ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் ஆபத்து கூடும், மார்பகப் புற்றுநோயும் வரலாம். அப்பாவுக்கு அக்கா தங்கை இல்லாத வீட்டில் இரண்டு தலைமுறைக்கு ஒரு அறிகுறியும் தெரியாமல் இருந்துவிட்டு, பேத்தியிடம் வந்து நிற்கும்.

ஆங்கிலத்தில் எல்லோரும் "ஆன்ட்டி"தான். தமிழில் அத்தை வேறு, சித்தி வேறு, பெரியம்மா வேறு. மராத்தியிலும் ஆத்யா வேறு, மாவ்ஷி வேறு. ஒரு மரபணு மருத்துவர் வரைய நினைக்கும் குடும்ப மரம் நம் பேச்சிலேயே இருக்கிறது. இவ்வளவு துல்லியமான மொழியை வைத்துக்கொண்டு "நம்ம பக்கம் யாருக்கும் இல்லை" என்று அத்தைகளைக் கணக்கிலிருந்தே தள்ளிவிடுகிறோம்.

இதே புனேயில் டெக்கான் கல்லூரியில் இருந்த மானுடவியலாளர் ஐராவதி கார்வே 1953-ல் இந்திய உறவுமுறைகள் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். வடக்கே பெண்ணை அறியாத வீட்டுக்குக் கொடுக்கிறார்கள், தெற்கே அறிந்த உறவுக்குள்ளேயே கொடுக்கிறார்கள் என்பதை அதில் விரிவாகக் காட்டியிருப்பார். நம்மில் பாதிப் பேருக்கு அத்தையே மாமியார். அப்படியானால் அப்பா பக்கம், அம்மா பக்கம் என்று பிரிப்பதே அர்த்தமில்லாதது. அதே நேரம் "சொந்தத்துல கட்டினதால வந்த வினை" என்பதும் சரியில்லை. இந்த ஆபத்துக்கு ஒரு பழுதான பிரதியே போதும், அசலில் கட்டினாலும் வரும். கணவன் மனைவி இருவருமே பி.ஆர்.சி.ஏ-2 பழுதைச் சுமந்தால், அரிதாக ஒரு பிள்ளைக்கு இரண்டும் சேர்ந்து ஃபான்கோனி அனீமியா என்ற கடுமையான ரத்த நோய் வரலாம். சொந்தத்தில் முடிப்பவர்கள் தெரிந்துகொள்ள இது இன்னொரு காரணம்.

"இதெல்லாம் வெள்ளைக்காரங்க வியாதி" என்பவர்களுக்கு ஒரு தகவல். பி.ஆர்.சி.ஏ-1-ல் 185டெல்-ஏஜி என்று ஒரு பழுது உண்டு. மரபணுவில் இரண்டே இரண்டு எழுத்து விட்டுப்போய், அதற்குப் பின்னால் வருவதெல்லாம் தப்பாகப் படிக்கப்படும். ஐரோப்பிய வழி யூதர்களின் பழுது என்றுதான் இது பெயர் வாங்கியிருந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், குடும்பத்தில் நோய் உள்ள தென்னிந்தியப் பெண்களிடம் இதே பழுது அடிக்கடி தென்பட்டது. யூதர்களிடமிருந்து வந்ததல்ல, இங்கே தனியாகவே தோன்றியிருக்க வேண்டும் என்று இந்தியக் குடும்பங்களில் செய்த வேறு ஆய்வு சொல்கிறது. ஆக, இது நம் வீட்டுச் சமாச்சாரம்தான்.

இப்போது இரண்டாவது பதில், கல்யாணம். இந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். நிஜமான பயம் அது. வரன் பார்க்கிற இடத்தில் இந்தப் பேச்சு வந்தால் அடுத்த நாள் போன் வராது. நஷ்டம் முழுக்கப் பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை வீட்டு அத்தைகள் எதில் செத்தார்கள் என்று யாரும் கேட்பதும் இல்லை, அவனும் அதே பாதிக்குப் பாதி வாய்ப்போடு தன் பிள்ளைகளுக்குக் கொடுப்பான் என்று யோசிப்பதும் இல்லை.

ஆனால் இரண்டு மறைத்தல் இருக்கிறது, அவற்றைக் குழப்பாதீர்கள். தரகரிடம், பக்கத்து வீட்டில், சங்கத்துப் பொங்கல் விழாவில் மறைப்பது உங்கள் உரிமை. பெற்ற பிள்ளையிடம் மறைக்க உங்களுக்கு எந்த உரிமையும் கிடையாது. அந்தத் தகவல் அவள் உடம்பைப் பற்றியது, அவளுக்குச் சொந்தமானது. கட்டிக்கொள்ளப் போகிறவனிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்பதை அவள் முடிவு செய்வாள். அவளுக்கே தெரியாவிட்டால் எதை முடிவு செய்வாள்?

ஊரைவிட்டு வந்த குடும்பங்களில் இது இன்னும் மோசம். ஊரிலிருந்தால், யாரும் சொல்லாவிட்டாலும் பிள்ளைகள் காதில் அரைகுறையாக விழும். ஆஸ்பத்திரிக்குத் தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுபோனவள் ஒருநாள் உளறுவாள். இங்கே வாகட் பிளாட்டில் வளரும் பிள்ளைக்கு என்ன தெரியும்? "பெரியத்தை தவறிட்டாங்களாம்" என்று அப்பா மட்டும் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏறுவார், பிள்ளைக்குப் பரீட்சை. கட்கியிலும் தேஹு ரோட்டிலும் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஊர்ச் சொந்தங்களின் பெயரே மறந்துபோயிருக்கும். அமெரிக்காவில், சிங்கப்பூரில் இருப்பவர்களைச் சொல்லவே வேண்டாம். அங்கே டாக்டர் முதலில் கேட்பது குடும்ப வரலாற்றைத்தான். நாம் கொடுப்பது வெற்றுத்தாள்.

"சரிம்மா, தெரிஞ்சு என்ன கிழிக்கப் போறோம்? தலையெழுத்து" என்று ஒரு கட்சி உண்டு. நிறையச் செய்யலாம். பழுது இருப்பது தெரிந்தால் 25 வயதிலிருந்தே வருஷத்துக்கு ஒருமுறை மார்பக எம்.ஆர்.ஐ., 30-லிருந்து மேமோகிராமும் சேர்த்து என்பது இன்றைய வழிகாட்டுதல். பிள்ளைப்பேறு முடிந்தபின் சினைப்பைகளை எடுத்துவிடச் சொல்வார்கள். பி.ஆர்.சி.ஏ-1 என்றால் பொதுவாக 35-லிருந்து 40 வயதுக்குள். வேண்டுமென்பவர்கள் மார்பகங்களையும் முன்கூட்டியே எடுத்துக்கொள்ளலாம். 2013-ல் நடிகை ஏஞ்சலினா ஜோலி பகிரங்கமாக எழுதியது அதைத்தான். அவருடைய அம்மா 56 வயதில் புற்றுநோயில் இறந்தவர். நோய் வந்துவிட்டவர்களுக்கும் இந்தப் பழுதைக் குறிவைக்கும் ஓலாபரிப் போன்ற மருந்துகள் இருக்கின்றன. மதினிக்கு இவை எல்லாம் 25 வயதில் தெரிய வேண்டியது. 43-ல் தெரிந்தது.

இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. வீட்டில் ஓடும் பழுது இன்னதென்று தெரிந்து, அது உங்களிடம் இல்லை என்று வந்தால், உங்கள் ஆபத்து ஏறக்குறைய மற்ற எல்லாப் பெண்களையும் போலத்தான். உங்கள் வழியாக உங்கள் மகளுக்கு அது போகாது. பழுதைச் சுமப்பவரின் பிள்ளைகளில் சராசரியாகப் பாதிப் பேருக்குக் காத்திருப்பது இந்த நல்ல செய்திதான். மௌனம் அதையும் சேர்த்துப் பறிக்கிறது.

இதற்கு நேர் எதிராக இன்னொரு கூத்து. போன வருஷம் எங்கள் ஆபீஸ் கேன்டீன் வாசலில் ஒரு கம்பெனி கடை போட்டது. எச்சிலைக் கொடு, உன் புற்றுநோய் ஜாதகத்தைச் சொல்கிறோம் என்று. குடும்பத்தைப் பற்றி ஒரு கேள்வி கிடையாது, விளக்கிச் சொல்ல ஆலோசகர் கிடையாது, தள்ளுபடி மட்டும் உண்டு. இப்படிச் செய்தால் என்ன அர்த்தம் என்றே புரியாத மாற்றம் ஒன்று அறிக்கையில் வந்து தூக்கத்தைக் கெடுக்கும். இல்லையென்றால் பொய்யான நிம்மதி தரும். அமெரிக்காவில் வீட்டுக்கே வரும் டெஸ்ட் ஒன்றுக்கு 2018-ல் அரசு அனுமதி கொடுத்தபோது அது பார்த்தது மூன்றே மூன்று பழுதுகளை. இந்த இரண்டு மரபணுக்களில் நோய் தரும் பழுதுகள் ஆயிரத்துக்கும் மேல்.

காப்பீடு பற்றிய கவலையும் நியாயமானது. மரபணு சார்ந்த நோய் என்று சொல்லி மொத்தமாக மறுப்பது பாரபட்சம் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் சொன்னது. அடுத்த மாதமே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், மருத்துவக் காப்பீட்டில் அப்படி விலக்கு வைக்கக்கூடாது என்று கம்பெனிகளுக்குச் சொன்னது. ஆனால் அமெரிக்காவில் 2008-ல் வந்ததுபோல், மரபணுவை வைத்து வேலையிலும் மருத்துவக் காப்பீட்டிலும் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் தனிச்சட்டம் இங்கே இல்லை. அதைக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான். வாயை மூடிக்கொண்டிருப்பவர்களுக்கு யார் சட்டம் போடுவார்கள்?

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயில் இறந்தார். அவர் அதை "ஏதோ கட்டி" என்று மூடி மறைக்கவில்லை. ஊரறியச் சொன்னார், அந்தத் துக்கத்தை வைத்து வருஷக்கணக்கில் போராடினார், 1954-ல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை வந்தது. அந்தக் காலத்துப் பெண்மணிக்கு இருந்த தைரியம், கையில் இரண்டு போன் வைத்திருக்கும் நமக்கு வேண்டாமா?

என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு:

1. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, வீட்டில் மூத்தவர்களைத் தனித்தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். கூட்டத்தில் கேட்டால் வராது. "கட்டியா? எங்கே? என்ன வயசில்? எந்த ஆஸ்பத்திரி?" அப்பா வழி, அம்மா வழி இரண்டும், மூன்று தலைமுறை. பழைய பைலில் பயாப்சி ரிப்போர்ட் இருந்தால் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

2. ஐம்பதுக்கு முன் மார்பகப் புற்றுநோய், எந்த வயதிலும் சினைப்பைப் புற்றுநோய், ஆணுக்கு மார்பகப் புற்றுநோய், ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று பேர். இதில் ஒன்று இருந்தாலும் மரபணு ஆலோசகரைப் பாருங்கள்.

3. முடிந்தவரை, நோய் வந்தவருக்குத்தான் முதலில் டெஸ்ட். அவரிடம் பழுது தெரிந்தால் மற்றவர்களுக்கு அந்த ஓர் இடத்தைப் பார்த்தால் போதும். நோயாளி உயிரோடு இருக்கும்போதே செய்யுங்கள்.

4. புனேக்காரர்களுக்கு: மும்பை டாடா மெமோரியலில் புற்றுநோய் மரபணு கிளினிக் இருக்கிறது. அவர்களுடைய ஆய்வு மையமான ஆக்ட்ரெக் கார்கரில், எக்ஸ்பிரஸ்வே முடிகிற களம்போலிக்குப் பக்கத்தில்தான். இங்கேயே ஐஸர் புனேயும் பிரசாந்தி கேன்சர் கேர் மிஷனும் சேர்ந்து புற்றுநோய் ஆய்வு மையம் ஒன்றைத் தொடங்கியிருக்கின்றன. ஊரில் இருக்கும் சொந்தங்களுக்கு அடையாறில் பரம்பரைப் புற்றுநோய்க்கென்றே தனி கிளினிக் உண்டு.

5. காப்பீட்டை முதலில் எடுங்கள், டெஸ்ட் பிறகு. படிவத்தில் பொய் எழுதாதீர்கள்.

6. எழுதிவைத்ததைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். பதினெட்டு வயதுக்கு மேல் அவர்கள் பெரியவர்கள். மகனுக்கும் கொடுங்கள்.

மதினியின் டெஸ்டில் பி.ஆர்.சி.ஏ-1 பழுது வந்தது. எங்கள் தலைமுறையில் பதினோரு பேர். இதுவரை ஏழு பேர் டெஸ்ட் எடுத்திருக்கிறோம். எனக்கு என்ன வந்தது என்று இங்கே எழுத மாட்டேன். என் கணவருக்குத் தெரியும், தம்பிக்குத் தெரியும், காலேஜில் படிக்கும் என் மகளுக்கும் தெரியும். தெரிய வேண்டியவர்கள் அவ்வளவுதான். மீதி நாலு பேர் இன்னும் "எதுக்கு வீண் வம்பு" என்கிறார்கள். அதில் இரண்டு பேருக்குப் பெண் பிள்ளைகள்.

டிஸ்கி: நான் முதலிலேயே சொன்ன மாதிரி டாக்டர் இல்லை, உங்கள் டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள். "இப்படிக் குடும்ப மானத்தை ஊரறிய எழுதணுமா" என்று போன் பண்ணப் போகும் சொந்தங்களுக்கு: யார் பேரும் இதில் இல்லை. போன் பண்ணும்போது பெரிய பாட்டி எந்த வயதில், எதில் இறந்தாள் என்பதையும் சொல்லிவிடுங்கள். அந்தக் கட்டம் மட்டும் என் தாளில் இன்னும் காலியாக இருக்கிறது.